எலியில் அடங்காத கேள்விகள்: பரம்பரை இயக்க நரம்பணு நோய்களும் பெருவிலங்கு மாதிரிகளும்

முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு நோய்க்கு (எஸ்.எம்.ஏ.) இன்று மூன்று மருந்துகள் உண்டு. அமெரிக்காவில் நூசினெர்சன் 2016இலும், ஜோல்ஜென்ஸ்மா என்னும் மரபணு மருந்து 2019இலும், ரிஸ்டிபிளாம் 2020இலும் ஒப்புதல் பெற்றன. மூன்றுக்கும் பாதை போட்டது எலிதான். அப்படியிருக்க, செலவும் சிரமமும் மிகுந்த பன்றியும் நாயும் எதற்கு? மனித நோயை அப்படியே நகலெடுக்க என்பது வழக்கமான விடை. அது தவறான இலக்கு என்பதே என் வாதம்.

நகலெடுப்பதில் உள்ள சிக்கல் மரபணுவிலேயே தொடங்குகிறது. நோய்க்குக் காரணமான எஸ்.எம்.என்.1 மரபணு 1995இல் அடையாளம் காணப்பட்டது. மனிதரிடம் அதற்கு எஸ்.எம்.என்.2 என்ற இணைப்பிரதி உண்டு. ஏழாம் எக்ஸானில் ஓர் எழுத்து மாறியிருப்பதால், அது தரும் முழுமையான புரதம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். முதல் மரபணுவை இழந்த குழந்தையைப் பிழைக்க வைப்பதும், போதாமையால் நோயில் தள்ளுவதும் இந்தப் பிரதியே. சிம்பன்சியிடம்கூட இந்த எழுத்து மாற்றம் கிடையாது. எலியில் எஸ்.எம்.என். மரபணுவை முழுதாக நீக்கியபோது கருவே அழிந்தது, மனித எஸ்.எம்.என்.2ஐப் புகுத்திய பிறகுதான் நோயுள்ள எலி பிறந்தது. மிசூரி பல்கலைக்கழகக் குழு 2011இல் எஸ்.எம்.என். மரபணுவின் ஒரு பிரதியை மட்டும் இழந்த பன்றிகளைக் குளோனிங் வழி உருவாக்கியது. மனிதரில் எஸ்.எம்.என்.1இன் ஒரு பிரதியை இழந்தோர் நோயற்ற கடத்திகள் என்பதால், அதை முதல் படியாகத்தான் கொள்ள முடியும்.

ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகக் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வு மரபணுவை நீக்கிய விலங்கை உருவாக்கும் இந்தச் சுற்றுவழியையே தவிர்த்தது. ஐந்து நாள் வயதுப் பன்றிக்குட்டிகளின் தண்டுவட நீரில் ஏஏவி9 வைரஸ் ஊர்தியைச் செலுத்தி, பன்றியின் சொந்த எஸ்.எம்.என். உற்பத்தியை அடக்கினார்கள். குட்டிகளுக்குத் தசைத் தளர்ச்சி வந்தது. இயக்க நரம்பணுக்கள் குறைந்தன. மின் சோதனைகளும் அதையே காட்டின. பிறகு மனித எஸ்.எம்.என். மரபணுவைக் கொடுத்தார்கள். அறிகுறி தோன்றும் முன் பெற்றவை காக்கப்பட்டன. தோன்றிய பின் பெற்றவை ஓரளவே தேறின. பரம்பரை வழி வராத நோய் மாதிரியாகுமா என்று தூய்மைவாதிகள் முகம் சுளிக்கலாம். ஆனால் எப்போது சிகிச்சை தர வேண்டும் என்ற கேள்விக்கு, மனிதக் குழந்தையை ஒத்த அளவுள்ள முதுகுத்தண்டில் விடை கிடைத்தது. அதுதானே தேவை?

சிகிச்சையின் நச்சுத்தன்மையிலும் இதே கதைதான். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் வில்சன் குழு 2018இல், ஏஏவி9இன் நெருங்கிய உறவான ஒரு வைரஸ் ஊர்தியைப் பேரளவில் நரம்பு வழி ஏற்றியது. ரீசஸ் குரங்குகளின் கல்லீரல் தாக்கப்பட்டது. பன்றிக்குட்டிகளில் கல்லீரல் நொதிகள் உயரவில்லை; ஆனால் இரு வாரங்களுக்குள் நடை தடுமாறியது. 2019இல், குரங்குகளின் தண்டுவட முதுகுவேர் முடிச்சுகளில் அழற்சி கண்டதால், தண்டுவட நீர் வழி ஜோல்ஜென்ஸ்மா தரும் பரிசோதனைக்கு அமெரிக்க மருந்து ஆணையம் பகுதித் தடை போட்டது. இத்தகைய எச்சரிக்கைகளை எலியிடமிருந்து மட்டும் எதிர்பார்ப்பது பேராசை.

இயற்கை ஏற்கெனவே தந்துள்ள மாதிரி ஒன்றும் இருக்கிறது. பெம்ப்ரோக் வெல்ஷ் கோர்கி, பாக்ஸர் உள்ளிட்ட நாயினங்களில் முதுமையில் வரும் தண்டுவடச் சிதைவுக்கு எஸ்.ஓ.டி.1 மரபணு மாற்றம் காரணம் என்று 2009இல் தெரியவந்தது. மனிதரில் இயக்க நரம்பணுக்களை அழிக்கும் ஏ.எல்.எஸ். நோயின் ஒரு வகைக்கும் இதே மரபணுதான் காரணம். பின்னங்கால் இழுபட்டு, நகத்தின் மேல்முனை தேய்வதை வளர்ப்பவர் முதலில் கவனிக்கிறார். பொதுவாக நாய்க்கு எட்டு வயதைத் தாண்டியிருக்கும். புகழ்பெற்ற ஏ.எல்.எஸ். எலியோ அம்மரபணுவின் பல பிரதிகள் திணிக்கப்பட்டு, சில மாதங்களிலேயே இறந்துபோகிறது. நாயில் மரபணு இயல்பான அளவில் இயங்குகிறது. இரு பிரதிகளிலும் மாற்றம் உள்ள நாய்கள் எல்லாவற்றுக்கும் நோய் வருவதில்லை. சிலவற்றைக் காப்பது எது என்பது, எலியிடம் கேட்க முடியாத கேள்வி.

எனவே எஸ்.ஓ.டி.1 நோய்க்காகப் புதிய பன்றிகளைச் செய்ய ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கையாவது, இந்த நாய்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் கால்நடை மருத்துவமனைகளுக்கு நிதி வழங்குவோர் தர வேண்டும்.