கவுன்சில் வரி ஜப்தி (இங்கிலாந்து)

பெருங் கிளர்ச்சிக்குக் காரணமான தலைவரியை அகற்றி, அதன் ஸ்தானத்தில் 1993-இல் விதிக்கப்பட்ட கவுன்சில் வரியைச் செலுத்தத் தவறியவர்மீது, ஸ்தல ஸ்தாபனம் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பொறுப்பாணை பெற்று, வசூலை அமீனாக்களிடம் ஒப்படைக்கும் முறை. இவர்கள் பெரும்பாலும் தனியார் கம்பெனிகளின் சிப்பந்திகளாயினும், 2007-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் 2014 ஏப்ரலில் அமலுக்கு வந்த விதிகளுக்கும் கட்டுப்பட்டவர்கள். அவ்வாண்டு நிர்ணயமான கட்டணப்படி, வழக்கு அமீனாவின் கைக்கு வந்தவுடனே 75 பவுனும், அவர் வாசற்படி மிதித்தால் மேலும் 235 பவுனும் பாக்கியோடு சேர்வதால், நோட்டீஸைப் பிரிக்காமல் அலமாரியில் செருகிவைப்பது வீண் நஷ்டத்துக்கே வழி.

பலரும் அறியாத விஷயம், இவ்வரிக்காக முதன்முறை வரும் அமீனா பலவந்தமாக உள்ளே நுழைய இயலாது என்பதே. ஆனால் தாழிடாத கதவின் வழியே அவர் சமாதானமாக நுழைந்து, வீட்டுச் சாமான்களுக்கு ஜாபிதா எழுதி, தவணை உடன்படிக்கையில் கையொப்பமும் வாங்கிவிட்டால், தவணை தவறிய பின் பூட்டை உடைக்கவும் அதிகாரம் பெறுகிறார். ஆகையால் தபால் துவாரத்தின் வழியாகவோ சன்னல் வழியாகவோ பேசுவதே உசிதம். கட்டில், அடுப்பு, சலவை இயந்திரம் போன்ற அத்தியாவசியங்கள் ஜப்திக்கு விலக்கு. வாசலில் நிற்கும் காரோ சுலபமாக அகப்படும். அங்கீகாரம் பெற்ற கடன் ஆலோசகர் மூலம் விண்ணப்பித்துத் தகுதி பெறுபவருக்கு, 2021 மே முதல், ஜப்தி நடவடிக்கையினின்று 60 நாள் அவகாசம் உண்டு.