நிறுவனத்துக்கு எது சொந்த ஊர்?

ஒருவரைப் புதிதாகச் சந்தித்தால் நாம் முதலில் கேட்பது அவருடைய ஊரைத்தான். மனிதருக்கு எளிதில் பதில் கிடைத்துவிடும் இக்கேள்வி, ஒரு வணிக நிறுவனத்தைப் பற்றி எழும்போது இரு நூற்றாண்டுகளாக நீதிபதிகளைத் திணறடித்து வந்திருக்கிறது. வேலூர், ஆம்பூர் தோல் வட்டாரத்துக்கும் இக்கேள்வி அந்நியமானதன்று.

ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் ஒரு காலத்தில் இங்கிருந்து சென்னைப் பெரியமேட்டுக்கும், அங்கிருந்து கப்பலில் இலண்டன் ஏலத்துக்கும் போயிற்று. பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை 1970களில் அரசு கட்டுப்படுத்தியபின், முழுமை பெற்ற தோலும் பின்னர் காலணியும் ஆம்பூரிலிருந்து புறப்பட்டன. சரக்கை வாங்குவோரும் மாறினர். இன்று அமெரிக்காவிலிருந்து வரும் ஓர் ஆணையின் கீழே எல்.எல்.சி. என்ற மூன்றெழுத்து இருக்கலாம். சரக்கு போய்ச் சேர்ந்து பணம் வரவில்லையென்றால் எந்த நீதிமன்றத்தின் கதவைத் தட்டுவது?

அமெரிக்காவில் இருவகை நீதிமன்றங்கள் உண்டு: மாநிலத்தினுடையவை, கூட்டாட்சியினுடையவை. உள்ளூர் நீதிபதி உள்ளூர்க்காரன் பக்கம் சாய்ந்துவிடுவாரோ என்ற ஐயத்தினால், வெவ்வேறு மாநிலத்தவரோ, வெளிநாட்டவரும் அமெரிக்கரும் எதிரெதிராக நின்றாலோ, அவ்வழக்கைக் கூட்டாட்சி நீதிமன்றம் கேட்கலாம் என்று 1789ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்தது. வழக்கின் மதிப்பு இப்போது 75,000 டாலரைத் தாண்டவேண்டும். வாதிகளில் ஒருவரும் பிரதிவாதிகளில் ஒருவரும் ஒரே மாநிலத்தவராக இருத்தலாகாது என்பது 1806இல் வகுத்த விதி.

நிறுவனம் எந்த மாநிலத்துக் குடி? அதன் உறுப்பினர்கள் எந்த மாநிலத்தவரோ அம்மாநிலத்துக்கே என்று 1809இல் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் கூறினார். பங்குதாரர் பெருகிய காலத்தில் அது நடைமுறைக்கு ஒவ்வாததாயிற்று. 1844இல் அதே உச்ச நீதிமன்றம், பதிவு பெற்ற மாநிலமே நிறுவனத்தின் தாயகம் என்றது. 1958இல் தலையாய தொழிலிடமும் சேர்க்கப்பட்டது. நிறுவனத்தின் மூளை இயங்கும் தலைமையகமே அந்த இடம் என்று 2010இல் தெளிவாயிற்று.

எல்.எல்.சி. இந்த வளர்ச்சிக்கு வெளியே நின்றுவிட்டது. 1977இல் வயோமிங் மாநிலத்தில் சட்ட வடிவம் பெற்ற இவ்வமைப்பை நீதிமன்றங்கள் கூட்டாண்மையின் இனத்தில் சேர்த்தன. ஆகவே 1809ஆம் ஆண்டின் பழைய விதியே இதற்கு இன்றும் பொருந்துகிறது: உறுப்பினர் ஒவ்வொருவரும் எந்த மாநிலத்தவரோ, அத்தனை மாநிலங்களுக்கும் எல்.எல்.சி. குடியாகும். உறுப்பினராக இன்னோர் எல்.எல்.சி. இருந்தால், அதற்குள்ளும் நுழைந்து ஆள் எண்ணவேண்டும். 2022 டிசம்பர் முதல் இவ்விவரத்தை வழக்கின் தொடக்கத்திலேயே தாக்கல் செய்தாகவேண்டும்.

ஆம்பூர் நிறுவனம் வழக்குத் தொடுப்பதாக வைத்துக்கொள்வோம். எதிர்த்தரப்பு எல்.எல்.சி.யில் இந்தியக் குடிமகன் ஒருவர் உறுப்பினராக இருந்தால், இருபுறமும் வெளிநாட்டவர் ஆகிவிடுவதால் கூட்டாட்சிக் கதவு மூடப்படும். அவரே அமெரிக்கக் குடியுரிமை பெற்று, ஆம்பூருக்கே திரும்பி நிலையாக வாழ்ந்தாலும் கதை வேறாகாது. எம்மாநிலத்திலும் வாழாதவர் எம்மாநிலத்தவரும் அல்லர். மாநில நீதிமன்றம் திறந்தே இருக்கும் என்பது உண்மை. ஆனால் இக்குறை பல ஆண்டு வழக்காடியபின் தெரியவந்தால், வென்ற தீர்ப்பும் செல்லாக்காசாகும். இருதரப்பும் ஒத்துக்கொண்டாலும் இல்லாத அதிகாரம் நீதிமன்றத்துக்கு வந்துவிடாது.

நம் நாட்டில் இப்படி இரட்டை நீதிமன்ற அடுக்கு இல்லை. கேள்வி மட்டும் வேறு உருவில் உண்டு. 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, உறுப்பினரைத் தேடுவதில்லை. அலுவலகத்தையும் வழக்கெழுந்த இடத்தையும் பார்க்கிறது. பெரிய நிறுவனங்களோ இன்ன ஊர் நீதிமன்றத்துக்கே வழக்கு உட்பட்டது என்று ஒப்பந்தத்தில் அச்சிட்டுவிடும். சேலத்து வணிகர் ஒருவர் குஜராத் நிறுவனத்தின்மீது சேலத்திலேயே தொடுத்த வழக்கில், கேடா மாவட்டத்தைக் குறித்த அத்தகைய வாசகம் சேலம் நீதிமன்றத்தை விலக்கிவிடாது என்று 1989இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1991இல் வந்த தீர்ப்பு இன்னும் சுவையானது. போடிநாயக்கனூரிலிருந்து ஏலக்காய் ஏற்றிச்சென்ற ஒரு லாரி நிறுவனத்தின் தலைமையகம் பம்பாயில் இருந்தது. சரக்கு அழிந்ததற்காக வணிகர் பெரியகுளத்தில் வழக்கிட்டார். ஒப்பந்தம் பம்பாயைக் குறித்தது. கிளை அலுவலகம் உள்ள இடத்தில் வழக்குக்கான காரணம் எழுந்தால் அவ்விடமே நிறுவனத்தின் இருப்பிடம். அதிகாரமே இல்லாத பம்பாய் நீதிமன்றத்துக்கு ஒப்பந்தத்தால் அதிகாரம் தர இயலாது என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆயினும், சட்டப்படி அதிகாரமுள்ள நீதிமன்றங்களுள் ஒன்றை ஒப்பந்தம் குறித்தால், 'மட்டும்' என்ற சொல் இல்லாவிடினும் மற்றவை விலக்கப்பட்டதாகக் கொள்ளலாம் என்று 2013இல் வந்த தீர்ப்பு, சிறு வணிகரின் நிம்மதியைக் குறைத்தது.

தோல் வட்டாரத்தின் மிகப்பெரும் வழக்கில் இந்தத் தடை எழவே இல்லை. பாலாற்றை நஞ்சாக்கிய தோல் பதனிடும் ஆலைகளுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம், அரசமைப்பின் 32ஆம் பிரிவின்படி நேரே உச்ச நீதிமன்றத்துக்கே சென்றது. ஆலை ஒவ்வொன்றும் எவருடையது, எங்கே பதிவானது என்ற ஆராய்ச்சியில் கிணறு வற்றியவர் காலங்கழிக்க நேரவில்லை. 1996 ஆகஸ்டு 28 அன்று வந்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடுசெய்யவேண்டும் என்ற நெறியை நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கிவிட்டு, மேற்பார்வையைச் சென்னை உயர் நீதிமன்றத்திடம் ஒப்படைத்தது. எனினும் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு இழப்பீட்டையும் கண்காணிப்பையும் பற்றி ஆணையிட வேண்டியிருந்தது. கதவு திறப்பது நீதியின் தொடக்கமேயன்றி முடிவன்று.

2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயிற்று. ஊர் ஓர் அங்குலமும் நகரவில்லை. நிறுவனத்தின் ஊரும் அப்படித்தான். அது மண்ணில் இல்லை, சட்டம் இழுக்கும் கோட்டில் இருக்கிறது. அக்கோட்டை எங்கே இழுப்பது என்று முடிவுசெய்யும்போது, ஏமாந்தவன் நடக்கவேண்டிய தூரத்தையும் அளந்து பார்க்கும் சட்டமே நல்ல சட்டம் என்று கருதுகிறோம்.