ஓரியூர் செம்மண் சொல்லும் வரலாறு

வரலாறு என்றாலே அரசர்களின் பட்டியல், போர் நடந்த ஆண்டு, பரீட்சைக்கு மனப்பாடம், அவ்வளவுதான் என்று நம் பிள்ளைகள் பலர் நினைக்கிறார்கள். கோட்டை கட்டாத, படை நடத்தாத ஒரு மனிதரை ஏழை எளிய சனங்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக மறக்காமல் வைத்திருந்தால் அதுவும் வரலாறுதானே? அப்படிப்பட்ட ஒருவர்தான் அருளானந்தர். இராமநாதபுரம் சீமையிலே ஓரியூர் என்னும் ஊரில் உயிர் விட்டவர். நம் திரிங்காப் வட்டாரத்தில் இவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் இருப்பார்கள். கதை முழுதும் தெரிந்தவர்கள் குறைவு. ஆகவே பெற்றோர்களும் மாணவச் செல்வங்களும் அறிந்துகொள்ளச் சுருக்கமாக எழுதுகிறேன்.

அரண்மனையில் வளர்ந்த பிள்ளை

அவருடைய இயற்பெயர் ஜான் டி பிரிட்டோ. போர்ச்சுகல் நாட்டுத் தலைநகர் லிஸ்பனில் 1647ஆம் ஆண்டு மார்ச் மாதம் 1ஆம் நாள் பிறந்தார். தந்தையார் பிரேசில் நாட்டில் ஆளுநராக இருந்து அங்கேயே காலமானவர். பிள்ளை அரண்மனையில் வளர்ந்தது. பின்னாளில் அரசரான பேத்ரோ இளவரசர்தான் அவருக்கு விளையாட்டுத் தோழர். சிறுவயதில் கடும் நோய் வந்தபோது தாயார், பிள்ளை பிழைத்தால் ஓராண்டு துறவி அங்கி உடுத்தி வைக்கிறேன் என்று புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தது. நம்ம வீடுகளில் மொட்டைக்கு நேர்ந்துகொள்வது போலத்தான் இதுவும். தாய் மனசு எந்த நாட்டிலும் ஒன்றுதான்!

1662ல் இயேசு சபையில் சேர்ந்தார். 1673ல் கப்பலேறிக் கோவா வந்து, மறு வருஷம் மதுரை மிஷனுக்கு நடந்தே வந்து சேர்ந்தார்.

ஏன் பண்டாரசாமி ஆனார்?

மதுரை மிஷனை 1606ல் தொடங்கியவர் ராபர்ட் டி நொபிலி. அவர் பிராமணத் துறவி போல வாழ்ந்தார். அந்தக் கோலத்தில் இருப்பவர் உயர்குலத்தாரோடு பேசலாம். கீழே தள்ளப்பட்டவர்கள் வீட்டு வாசலில் கால் வைக்க முடியாது. பண்டாரசாமி கோலம் போட்டவருக்கோ அந்தத் தடை குறைவு. பிரிட்டோ தேர்ந்தெடுத்தது பண்டாரசாமி கோலத்தை. காவி உடுத்தினார், தலைப்பாகை கட்டினார், மாமிசமும் மதுவும் தொடவில்லை. தமிழ் கற்றார். பெயரையும் அருளானந்தர் என்று மாற்றிக்கொண்டார்.

அவர் சாதியை ஒழித்துவிட்டார் என்று எழுதினால் அது பொய்யாகும். அந்தக் காலத்து வழக்கத்துக்கு உட்பட்டுத்தான் அவரும் நடந்தார். ஆனால் யார் பக்கம் உட்காருவது என்ற கேள்வி வந்தபோது, எளியவர்களிடம் போய்ச் சேரக்கூடிய உடுப்பை எடுத்தார். கடல் தாண்டி வந்த பிறகும் சாதியை மூட்டை கட்டிக்கொண்டு வந்த நமக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம்.

மறவர் சீமையில்

1686ல் மறவர் நாட்டில் பிடிபட்டு, உடன் இருந்தவர்களோடு சித்திரவதைப்பட்டார். அரசர் கிழவன் சேதுபதி அவரை நேரில் விசாரித்து, இனி என் நாட்டில் போதிக்கக் கூடாது என்று எச்சரித்து விடுதலை செய்தார். அடுத்த ஆண்டு சபை வேலையாக அவர் ஐரோப்பாவுக்குப் போக நேர்ந்தது. பால்ய நண்பர் அப்போது அரசர்; லிஸ்பனிலேயே இருந்துவிடச் சொன்னார். சுகமாக இருந்திருக்கலாம். அவரோ 1690ல் திரும்பி வந்துவிட்டார்.

பிறகு நடந்ததுதான் அவர் உயிருக்கு வினையாயிற்று. தடியத்தேவர் என்ற மறவர் குலப் பிரபு நோயிலிருந்து குணமாகி, ஞானஸ்நானம் கேட்டார். ஒரே மனைவியோடு வாழச் சம்மதித்தால்தான் முடியும் என்றார் அருளானந்தர். தேவரும் மற்ற மனைவியரை விலக்கினார். அப்படி விலக்கப்பட்டவர்களில் இளையவள் சேதுபதியின் உறவுப் பெண். அவள் அரண்மனைக்குப் போய் முறையிட்டாள்.

இதில் இரண்டு பக்கத்தையும் பார்க்க வேண்டும். சோறும் மரியாதையும் போய் நின்ற அந்தப் பெண்ணின் அழுகை நியாயமில்லாதது என்று சொல்லிவிட முடியாது. தடியத்தேவரோ சேதுபதி பட்டத்துக்கே உரிமை கோரக்கூடிய வமிசத்தவர். அவர் ஒரு புதுக் கூட்டத்தோடு சேருவதை அரசர் சும்மா பார்த்திருப்பாரா? மதமும் அரசியலும் குடும்ப மானமும் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டன. 1693 ஜனவரி 6ல் ஞானஸ்நானம். 8ல் அருளானந்தர் கைது. இராமநாதபுரத்திலிருந்து ஓரியூருக்கு அனுப்பப்பட்டார். அங்கே காவலில் இருந்தபடி கரியைத் தண்ணீரில் கரைத்து, துரும்பால் தொட்டுத் தம் சபையாருக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். பிப்ரவரி 4ஆம் நாள், கிறிஸ்தவர்களுக்கு விபூதிப் புதன் அன்று, பாம்பாற்றங்கரையில் அவர் தலை வெட்டப்பட்டது. 46 வயது நிறையவில்லை.

மக்கள் கொடுத்த பட்டம்

அவர் இரத்தம் சிந்திய இடத்து மணல் சிவந்துவிட்டது என்பது மக்கள் நம்பிக்கை. இராமநாதபுரம், தூத்துக்குடிக் கடலோரங்களில் தேரி எனப்படும் செம்மணல் மேடுகள் உண்டு என்று மண்ணியல் படித்தவர்கள் சொல்வார்கள். வரலாற்று மாணவனுக்கு இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். மண் ஏன் சிவப்பு என்பது ஒரு கேள்வி. சனங்கள் அதை ஏன் மடியில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள் என்பது வேறு கேள்வி.

ரோமாபுரியில் பாப்பரசர் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தது 1853ல். புனிதர் பட்டம் 1947 ஜூன் 22ல், இந்திய விடுதலைக்கு இரண்டு மாதங்கள் இருக்கும்போது. கணக்குப் போட்டால் 254 ஆண்டுகள்! சனங்கள் அதுவரை காத்திருந்தார்களா? இல்லை. மொட்டை அடித்தார்கள், தென்னங்கன்று கொண்டுவந்து வைத்தார்கள், நேர்ந்து பெற்ற பிள்ளையைக் கோயிலில் ஏலம் விட்டுப் பெற்றோரே மீட்டுக்கொண்டார்கள். வருகிறவர்களில் இந்துக்கள் ஏராளம், மறவர் குலத்தாரும் உண்டு. அவரைக் கொன்ற சீமையே அவரைக் கும்பிடுகிறது, பாருங்களேன்!

இது தமிழர்களுக்கு மட்டும் உரிய வழக்கமா என்றால், இல்லை. இன்றைய பிரான்சுக்குப் பெயர் தந்த பிராங்கு மக்கள் தூர் நகரத்து மேற்றிராணியார் மார்ட்டினை இப்படித்தான் கொண்டாடினார்கள். 397ல் இறந்தவர் அவர். முன்பு போர்வீரராக இருந்தபோது, குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குத் தம் போர்வையைப் பாதி வெட்டிக் கொடுத்தார் என்பது அவர் புகழ். அந்தப் போர்வையைப் பிராங்கு அரசர்கள் போற்றிக் காத்தார்கள். சிறு கோயிலைக் குறிக்கும் சேப்பல் என்ற சொல்லே அந்தப் போர்வையின் பெயரிலிருந்து வந்ததுதான். 573 முதல் 594 வரை அதே ஊரில் மேற்றிராணியாராக இருந்த கிரகோரி, மார்ட்டின் கல்லறைத் தூசியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துத் தாம் குணமானதாக எழுதி வைத்திருக்கிறார். ஓரியூர் மண்ணுக்கும் தூர் நகரத்துத் தூசிக்கும் ஆயிரம் ஆண்டு இடைவெளி, நம்பிக்கை ஒன்றே! அந்தக் காலத்தில் ரோமாபுரி விசாரணையே கிடையாது. பாப்பரசர் முறைப்படி அளித்த முதல் புனிதர் பட்டம் என்று சொல்லப்படுவது 993ல்தான். அதுவரை பட்டம் கொடுத்தது மக்கள்.

நமக்கு என்ன பாடம்?

பட்டயம் பின்னால் வரும். மக்கள் மனசில் இடம் முன்னால் வர வேண்டும். நம் நாட்டிலும் ஜூலை 26ஐ ஒட்டிப் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்கு இந்துக் குடும்பங்களும் மெழுகுவர்த்தியோடு போகின்றன. நல்லவரைக் கண்டால் எந்தச் சாமி என்று கேட்காமல் கைகூப்புவது தமிழன் பழக்கம். அந்தப் பழக்கத்தை நம் பிள்ளைகள் விட்டுவிடக் கூடாது.

மதுரைக்கு அருகே கருமாத்தூரில் 1970ல் தொடங்கிய கல்லூரி ஒன்று அருளானந்தர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் தலையை வெட்டினார்கள்; அவர் பெயரில் பிள்ளைகள் தலை நிமிர்ந்து படிக்கிறார்கள்.

இன்று பரிசு வாங்கும் மாணவச் செல்வங்களே, மேடையில் கொடுக்கும் கோப்பை உங்கள் உழைப்புக்குச் சான்று. ஊரார் மனசில் கிடைக்கும் இடத்தை உங்கள் குணத்தால்தான் வாங்க வேண்டும். இரண்டையும் பெற்று வாழ்க! தமிழ்ப்பள்ளி வளர்க!