கல் படிச்சவர் காப்பாளரான கதை

நூதனசாலைக் காப்பாளராக வர என்ன படிக்க வேணும் எண்டு கேட்டால், வரலாறு, தொல்லியல் எண்டு நாங்கள் உடனே சொல்லுவம். ஆனால், 1877இல் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி லண்டனில் படிச்சது தாவரவியலும் புவிச்சரிதவியலும்.

1903 முதல் 1906 வரை அவர் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வின் பணிப்பாளர். கல் தேடி ஊர் ஊராகத் திரிந்தபோது, அழிந்துகொண்டிருந்த கைவினைகளையும் கண்டார். கல்லைப் பார்க்கிற கண்ணாலேயே அவற்றையும் பார்த்தார்: இது என்ன பொருள், எங்கே கிடைத்தது, எப்படி உருவானது? மனைவி எதெல் எடுத்த ஒளிப்படங்களோடு, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவரது நூல் 1908இல் வந்தது. 1917இல் பொஸ்டன் நுண்கலை நூதனசாலை அவரை இந்தியக் கலைக் காப்பாளராக்கியது. இந்தியாவில் அவர் சேர்த்த ராஜபுத்திர ஓவியங்களும் அங்கேயே போய்ச் சேர்ந்தன.

இண்டைக்கு இந்த வேலைக்குப் பட்டம் கேட்பினம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே தொல்லியல் படிக்கலாம். ஆனால் பட்டம் மட்டும் ஒருவரைக் காப்பாளர் ஆக்காது. ஊரில திரிஞ்சு, செய்யிறவையைக் கேட்டு, எழுதி வைக்கிற பழக்கமும் வேணும். விஞ்ஞானப் பிரிவில படிக்கிற நீங்களும் இதுக்குள்ள வரலாம். காக்க ஆளில்லாத ஊரில பொருளும் நிக்காது.