பலாலிக்கும் மீனம்பாக்கத்துக்கும் எவ்வளவு தூரம்?

பலாலியில் இருந்து சென்னை மீனம்பாக்கத்துக்கு வான்வழியில் ஏறத்தாழ 355 கிலோமீற்றர். கட்டுநாயக்காவில் இருந்து எண்டால் ஏறத்தாழ 645. ஆனாலும் நெடுங்கேணியில எங்கட சனம் சென்னைக்குப் போறதெண்டால் கனகாலமாகத் தெற்கேதான் போனது. புளியங்குளம் சந்தியில் வலப்பக்கம் திரும்பினால் யாழ்ப்பாணம், இடப்பக்கம் வவுனியா, கொழும்பு. இடப்பக்கம் திரும்பி, வானில இரவிரவாக ஓடி, கட்டுநாயக்காவில் பிளேன் ஏறினால் அது திரும்பவும் வடக்கு நோக்கித்தான் பறக்கும். இந்தக் கூத்து எப்பிடி வந்தது?

எப்பவும் இப்பிடி இருக்கேல்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானிய விமானப்படை போட்ட ஓடுபாதைதான் பலாலி. 1947 டிசம்பர் 10 அன்று எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி, சென்னைக்குப் போனது. காங்கேசன்துறை எண்டு அவர்கள் சொன்னது பலாலியைத்தான். நாட்டின் சுதந்திரத்துக்கு இன்னும் இரண்டு மாதம் கிடந்தது. தேசிய விமானசேவையின் முதற்பயணமே வடக்கால போனது எண்டதை எங்களில எத்தினை பேர் படிச்சிருக்கிறம்?

பிறகு யுத்தம். பலாலி படைத்தளமானது. 1990இல் வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர, சுற்றியிருந்த செம்மண் தோட்டக்காணிகள் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியில் இருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடற்பக்கம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதில் இருந்த 55 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை பூட்டுப்பட்ட பிறகு, யாழ்ப்பாணத்தார் கொழும்புக்குப் போகக் கப்பலும் பிளேனும்தான் கதி. அதுக்கும் படையினரின் அனுமதி வேணும். ஒரு மணித்தியாலப் பறப்புக்கு நாள்கணக்கில் காத்திருப்பு. வன்னியில் இருந்த எங்கட பெற்றோருக்கு அந்த வழிகூட இல்லை.

2019 ஒக்ரோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. அடுத்த மார்ச்சில் கொரோனா வந்து அதை நிப்பாட்டியது. கட்டுநாயக்கா 2021 ஜனவரியில் உல்லாசப் பயணிகளுக்குத் திறந்துவிட்டது. பலாலிக்குச் சென்னை விமானம் திரும்பி வந்தது 2022 டிசம்பர் 12இல்தான். 355 கிலோமீற்றர் எண்டது 1947இலும் அதேதான், இண்டைக்கும் அதேதான். மாறினதெல்லாம் ஓடுபாதை ஆரின் கையில், ஆருக்காகத் திறக்குது எண்டதுதான்.

இப்ப புளியங்குளத்தில் வலப்பக்கமும் திரும்பலாம். சந்தோசம்தான். ஆனால் வலிகாமம் வடக்கில் தங்கட காணிக்குத் திரும்ப முடியாத ஆக்கள் இன்னும் இருக்கினம். விமான நிலையம் பெருக்கவேணும் எண்டு கேக்கிற நாங்கள், அந்தக் காணிகளையும் சேர்த்துத்தான் கதைக்கவேணும். எங்கட பயணம் கிட்டவாக, இன்னொருவருக்குத் தன்ர வளவு தூரமாகக் கூடாது.