பாடும் தலைக்கட்டும்: ஆய்வு அறநெறி அமைப்புகளில் நிறுவன உறுப்புரிமை

முன்னுரை

பல்கலைக்கழகம் ஒன்று ஆய்வு வெளியீட்டு அறநெறி அமைப்பில் உறுப்பினராகச் சேர்ந்தது என்னும் செய்தியை இக்காலத்தில் அடிக்கடி காண்கின்றோம். அச்செய்தி பெரும்பாலும் அந்நிறுவனத்திற்கு வாய்த்த ஒரு சிறப்பாகவே கூறப்படுகின்றது. உறுப்பினர் ஆவதனால் அந்நிறுவனம் எதற்குக் கட்டுப்படுகின்றது, கட்டுப்பாட்டினின்று வழுவின் யாருக்கு விடை கூறவேண்டும், உறுப்பினர் அல்லாதார் நிலை யாது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவது அரிது. அவ்வினாக்களை வரலாற்று நோக்கில் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உறுப்புரிமையும் அதற்குரிய நெறியும் தமிழகத்திற்குப் புதியன அல்ல. தொண்டை மண்டலத்திலேயே அதற்கு இரு சான்றுகள் உள. ஒன்று, எழுத்தில் அமையாது பழவேற்காட்டு ஏரிக்கரை மீனவரிடையே வழக்கில் நிலவி வந்தது. மற்றொன்று, உத்தரமேரூரில் கல்லிற் பொறிக்கப்பட்டது. இவ்விரண்டையும் கண்டபின் இக்கால அமைப்புகளை நோக்குவது தெளிவு தரும்.

1. பழவேற்காட்டுப் பாடு முறை

பழவேற்காட்டு ஏரி இந்திய நாட்டின் உவர்நீர் ஏரிகளுள் சிலிக்கா ஏரிக்கு அடுத்துப் பெரியது. அதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் அமைந்துள்ளன. ஆரணியாறும் காளங்கியாறும் இதனுள் வந்து கலக்கின்றன. 1613ஆம் ஆண்டில் டச்சுக்காரர் கட்டிய கெல்திரியாக் கோட்டையால் பழவேற்காடு வணிக வரலாற்றில் இடம்பெற்றது. ஆயின் ஈண்டு நாம் கருதுவது, கோட்டையை ஆண்டோரது வரலாறு அன்று. ஏரியை நம்பி வாழ்ந்த குப்பத்தாரது வரலாறாகும்.

கடல்நீர் ஏரியிற் புகும் முகத்துவாரத்தை அடுத்த பகுதியே இறாலும் மீனும் மிகுதியாகக் கிடைக்கும் இடம். அங்கு முளை நட்டு வலை விரிக்கத்தக்க இடங்கள் சிலவே; விரிக்க விரும்புவோரோ பலர். வலியோரே நல்லிடங்களைக் கைக்கொள்வாராயின் நாள்தோறும் பூசல் விளையும். இதனைத் தவிர்க்க எழுந்ததே பாடு முறை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் என்னும் மூன்று ஊர்களின் பட்டினவர் இம்முறையினராவர். ஊர்கள் முறைவைத்து மீன்பிடி இடங்களைப் பகிர்ந்துகொள்ளும். ஒவ்வோர் ஊரிலும் உரிமை பெற்றோர்க்குரிய இடம் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யப்படும். இன்று நல்லிடம் பெற்றவன் நாளை வேறிடம் செல்வான். 'மீன்பாடு' என்னும் வழக்கிற் போல, ஈண்டும் 'பாடு' என்னும் சொல் கிடைக்கும் பங்கோடு தொடர்புடையதாதல் நோக்கத்தக்கது. ஈழத்துக் கரைவலை மீன்பிடிப்பிலும் இச்சொல் இத்தகைய உரிமையைக் குறித்து வழங்குகின்றது.

இம்முறையில் உறுப்புரிமை ஈரடுக்காக அமைந்துள்ளது. ஊர் என்னும் நிறுவனம் முதல் உறுப்பு; அவ்வூரில் தலைக்கட்டுக் கணக்கில் இடம்பெற்ற ஆடவர் அடுத்த உறுப்பினர். ஊர் நெறிக்கு உட்பட்டாலன்றித் தனியொருவன் உரிமை பெறான். தனியொருவன் வழுவினால் ஊர் விடை கூறவேண்டும். நிறுவன உறுப்புரிமையின் உட்பொருள் இதுவேயாகும்.

2. உத்தரமேரூர்க் கல்வெட்டு

முதற் பராந்தக சோழனது ஆட்சியில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளிற் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் வாரிய உறுப்பினர்க்குரிய தகுதிகளை வகுத்துரைக்கின்றன. நிலவுடைமை, வயது, கல்வி, ஒழுக்கம் என்பன கூறப்பட்டுள. முதற் கல்வெட்டில் 30 முதல் 60 வரை என இருந்த வயதெல்லை, இரண்டாண்டுகளுக்குள் 35 முதல் 70 வரை என மாற்றப்பட்டது. தாம் வகுத்த விதியைப் பட்டறிவால் திருத்திக்கொள்ளும் இயல்பு சபையார்க்கு இருந்தமையை இஃது உணர்த்தும்.

நம் பொருளுக்கு இன்றியமையாத விதி வேறொன்று. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதொழிந்தவரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவராயினர். முந்தைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தாரும் விலக்கப்பட்டனர். பொறுப்பில் இருந்தோர் கணக்கு ஒப்புவித்தாக வேண்டும். ஒருவரே தொடர்ந்து இருத்தலாகாது. கல்லில் எழுதிய இந்நெறிக்கும் ஏரிக்கரையில் எழுதாது வழங்கிய நெறிக்கும் இடையே சீட்டு, முறைமாற்றம் ஆகிய ஒப்புமைகள் காணப்படினும், ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றியது எனத் துணிதல் பொருந்தாது. பொதுவுடைமையைப் பகிரவேண்டிய மக்கள் வெவ்வேறிடங்களில் ஒத்த முடிவுகளை அடைதல் இயல்பே.

3. இக்கால அமைப்புகள்

ஆய்விதழ்களின் நம்பகத்தன்மையும் இத்தகைய பொதுவுடைமையே. ஒருவர் பொய்யான தரவை வெளியிடின், அவ்விதழில் எழுதும் அனைவர் மதிப்பும் குன்றும். 1997ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இதழாசிரியர் சிலர் கூடி, 'கோப்' எனச் சுருக்கமாக வழங்கும் வெளியீட்டு அறநெறிக் குழுவைத் தோற்றுவித்தனர். தமக்கு வந்த ஐயத்திற்குரிய கட்டுரைகளை என் செய்வது என ஒருவரோடொருவர் கலந்து ஆராய்தலே அதன் தொடக்கப் பணி. பின்னர் பதிப்பகங்களும், அவற்றை அடுத்துப் பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் உறுப்பினராதற்கு இடம் ஏற்பட்டது.

2012இல் அக்குழு வெளியிட்ட நெறியுரை இதழ்களுக்கும் நிறுவனங்களுக்கும் உள்ள கடமையைப் பிரித்துக் காட்டியது. ஐயம் எழுந்தவிடத்து இதழ் நிறுவனத்திற்கு அறிவித்தல் வேண்டும். நிறுவனம் விசாரித்து, முடிவை இதழுக்குத் தெரிவித்தல் வேண்டும். குற்றம் செய்த ஆய்வாளரை அக்குழு தானே தண்டிப்பதில்லை. உறுப்பினர் நெறிப்படி நடந்தனரா என்பதையே அது நோக்கும். தன் ஆசிரியர்மீது எழும் முறையீட்டை மூடி மறைக்கும் நிறுவனம் உறுப்பினராய் இருந்தும் உறுப்பினர் அன்று எனலாம்.

இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கல்வி நேர்மைக்கும் எழுத்துத் திருட்டுத் தடுப்பிற்கும் உரிய விதிகளை வெளியிட்டது. அதன்படி ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனைக்குரியதன்று. ஆய்வேட்டில் 10க்கு மேல் 40 வரை இருப்பின் ஆறு திங்களுக்குள் திருத்தி அளித்தல் வேண்டும். 60ஐக் கடப்பின் பதிவு நீக்கப்படும். துறையளவில் ஒரு குழுவும் நிறுவன அளவில் ஒரு குழுவும் அமைதல் வேண்டும். நிறுவனக் குழுவில் வெளியார் ஒருவர் இடம்பெறுதல் வேண்டும். 2019இல் ஆய்வு வெளியீட்டு அறநெறி முனைவர் பட்ட மாணவர்க்குக் கட்டாயப் பாடமாயிற்று. அவ்வாண்டில் வெளிவந்த 'கேர்' இதழ்ப்பட்டியல் 2025இல் கைவிடப்பட்டது. தக்க இதழைத் தேர்ந்து கொள்ளும் பொறுப்பு மீண்டும் நிறுவனங்களிடமே வந்து சேர்ந்தது. பிறர் வகுத்த பட்டியலைக் காட்டி ஒதுங்க இனி வழியில்லை.

4. எழுதப்படாத சொல்லும் எழுத்துத் திருட்டும்

தமிழாய்வுத் துறையினர் தனித்துச் சிந்திக்கவேண்டிய இடம் ஒன்றுண்டு. பாடு முறை கல்வெட்டிலோ ஏட்டிலோ இருந்து அறியப்பட்டதன்று. மீனவர் கூறக் கேட்டே அறியப்பட்டது. செபாஸ்தியன் மேத்யூ இதனை ஆராய்ந்து எழுதிய நூலை 1991இல் ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பு வெளியிட்டது. அதன்பின்னும் அயல்நாட்டார் உள்ளிட்ட பலர் ஆராய்ந்துள்ளனர்.

ஆய்வாளர் ஒருவர் குப்பத்திற்குச் சென்று, மூத்த மீனவர் ஒருவர் பல நாள் விளக்கிய செய்திகளைத் தாமே கண்டறிந்தனவாக எழுதுகின்றார் எனக் கொள்வோம். ஒப்புமை காணும் கணினிக் கருவி அதனைக் காட்டுமா? ஒப்பிடுதற்கு அச்சிட்ட மூலம் இல்லாமையின் காட்டாது. விழுக்காட்டின்படி அவர் குற்றமற்றவர், அறத்தின்படியோ கள்வர். நாட்டுப்புறப் பாடல், தொழிற்சொற்கள், ஊர்வழக்கு, சடங்கு என வாய்மொழிச் சான்றுகளைத் தொகுக்கும் தமிழ்த்துறைகளில் இவ்விடர் பெரிது. கூறியவர் இசைவைப் பெறுதலும், அவர் விரும்பின் பெயரைச் சுட்டுதலும், விரும்பாவிடின் மறைத்தலும், முடிவுகளை அவ்வூரார்க்குத் தமிழில் அறிவித்தலும் ஆய்வாளர் கடன். இக்கடன்களை விதியாக்குதல் உறுப்பினராகிய நிறுவனத்தின் கடன்.

5. பாடு முறையின் குறை

பாடு முறையைப் புகழ்ந்து நிறுத்துதல் நடுநிலையாகாது. அதன் வேலிக்கு வெளியே நின்றோர் பலர். பெண்டிர்க்குத் தலைக்கட்டில் இடமில்லை. கையால் இறால் பிடிக்கும் இருளர் முதலியோரும், பிற சமூகத்தினரும் உரிமை பெற்றிலர். இறால் ஏற்றுமதி பெருகி, ஏரியை நம்புவோர் தொகை கூடியபொழுது, உள்ளிருந்தோர்க்கு நீதியாகத் தோன்றிய முறை வெளியிருந்தோர்க்குத் தடையாகத் தோன்றியது. உத்தரமேரூரிலும் நிலமும் வேதக் கல்வியும் இல்லாதார்க்குக் குடவோலையில் இடமிருந்ததில்லை.

இக்கால அமைப்புகளும் இக்குறைக்கு விலக்கல்ல. உறுப்பினராதற்குக் கட்டணம் உண்டு. நடைமுறைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள. சிறு கல்லூரிகளின் தமிழிதழ்கள் நேர்மையுடன் நடைபெறினும் புறத்தே நிற்கக்கூடும். உறுப்பினரல்லாத இதழ்களெல்லாம் நெறியற்றன எனக் கருதுவது பிழை. உறுப்பினராகிய இதழ்களெல்லாம் நெறியுடையன எனக் கருதுவதும் அத்தகையதே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று உண்மைகள் பெறப்படும். உறுப்புரிமை ஒரு பட்டம் அன்று. கட்டுப்படுவதாக அளிக்கும் உறுதிமொழி. கணக்குக் காட்டாதார் விலக்கப்படாவிடின் அவ்வுறுதிமொழிக்குப் பொருளில்லை. உள்ளிருப்போர்க்கிடையே மட்டும் நீதி நிலவும் அமைப்பு நெடிது நில்லாது. ஆகவே அறநெறி அமைப்பில் சேரும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும், தான் விசாரித்த முறையீடுகளின் தொகையையும் முடிவையும் ஆண்டுதோறும் வெளியிடுதல் நன்று. வாய்மொழிச் சான்று நல்கிய மக்களது உரிமையைத் தன் விதிகளில் எழுதுதல் அதனினும் நன்று. பழவேற்காட்டு மீனவரது நெறியைக் கொண்டு கட்டுரை எழுதும் நாம், அவர்க்குச் செலுத்தவேண்டிய முதற்கடன் அதுவேயாகும்.