தீட்டிய கத்திக்கு ஓர் இரங்கல்

கத்தி கைதவறிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. சலூனில் நாலைந்து பேர் காத்திருந்தோம். பெரியவர் குனிந்து எடுத்தார். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், கத்தியின் வாயைக் கண்ணுக்கு நேரே நிறுத்திப் பார்த்தார். "பல்லு விழுந்திருச்சு" என்றார். நுரையோடு உட்கார்ந்திருந்தவருக்கு இன்னொரு கத்தியை எடுத்து மீதிக் கன்னத்தை முடித்துக் கொடுத்தார். மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் கல்லை எடுத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தார். எனக்குப் பள்ளிக்கூட விடுமுறை. பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவர் கை செய்ததை அதன் பிறகு எந்தச் சலூனிலும் நான் பார்க்கவில்லை.

அரிவாளில் பல் விழுந்தால் பெரிய மோசமில்லை, கதிர் அறுபடும். சவரக்கத்தி அப்படியல்ல. கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ஒரு பல் இருந்தாலே கன்னத்தில் ரத்தக்கோடு விழும். விழுந்த பல்லை அடைக்கவும் முடியாது, போன எஃகு போனதுதான். ஒரே வழி, நன்றாக இருக்கிற மீதி வாயையும் அந்தப் பல்லின் அடிவரை தேய்த்து இறக்குவது. குழி மேலே வராது. சுற்றியுள்ள தரைதான் குழிக்கு இறங்கி வரவேண்டும். அரை மில்லிமீட்டர் பல்லுக்கும் மணிக்கணக்கில் வேலை இருக்கிறது.

பெரியவர் முதலில் கல்லைத்தான் தேய்த்தார். நடுவில் குழிந்த கல் கத்தியைக் கெடுக்கும் என்று, தண்ணீர் தெளித்துச் சிமெண்டுத் தரையில் அதைத் தேய்த்துத் தேய்த்துச் சமமாக்கினார். பிறகு கத்தியைக் கல்லின் மேல் படுக்கப் போட்டார். சவரக்கத்தியின் இரண்டு பக்கமும் உள்வாங்கிக் குழிந்திருக்கும். அதனால் படுக்க வைத்தால் கல்லைத் தொடுவது இரண்டே இடம்தான்: தடித்த முதுகு, மெல்லிய வாய். எந்தச் சாய்வில் தீட்டவேண்டும் என்று கை கணக்குப் போடவேண்டியதில்லை. முதுகு கல்லை விட்டு எழாதவரை சாய்வு மாறாது. கத்தியைச் செய்தவன் அதைத் தீட்டும் அளவையும் அதற்குள்ளேயே வைத்து அனுப்பியிருக்கிறான். ஆயுதங்களில் இதைவிட அறிவுள்ள வடிவத்தை நான் கண்டதில்லை.

கல்லின் மேல் வாய் முன்னே போகும். கல்லிலிருந்தே மெல்லிய தோலொன்றைச் சீவி எடுப்பதுபோல் தள்ளவேண்டும். முனைக்குப் போனதும் முதுகின் மேல் புரட்டித் திருப்பி இழுக்கவேண்டும். வாயின் மேல் புரட்டினால் அதுவரை செய்த வேலை வீண். இந்தப் பக்கம் எத்தனையோ அந்தப் பக்கமும் அத்தனை. பல் மறையும்வரை சொரசொரப்பான கல், அதன் பிறகு வழவழப்பான கல். கை அழுத்தம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் கத்தியின் கனம் மட்டும் போதும் என்றாகும். கல்லின் சத்தமும் மாறும். கரகரவென்று தொடங்கியது பட்டுத்துணி உரசுவதுபோல் தணிந்தபோது பெரியவர் நிறுத்தினார். பெருவிரல் நகத்தை எச்சிலில் நனைத்து அதன்மேல் வாயை மெல்ல இழுத்துப் பார்த்தார். பல் மிச்சமிருந்தால் நகத்தில் தட்டும். தட்டியது. மறுபடி கல்லுக்குப் போனார்.

கடைசியில் தோல்வார். ஆணியில் மாட்டி இழுத்துப் பிடித்து, இப்போது முதுகை முன்னே விட்டு வாயைப் பின்னால் இழுத்தார். கல்லுக்கு ஒரு திசை, தோலுக்கு நேர் எதிர்த் திசை. மாறிப்போனால் வார் அறுந்துவிடும், வாயும் போகும். கல் விட்டுப்போன பிசிறைத் தோல் சரிசெய்யும். நாற்பது ஐம்பது இழுப்பு முடிந்ததும் தன் தலையிலிருந்து ஒரு மயிரைப் பிடுங்கித் தொங்கவிட்டு வாயில் தொட்டார். அது அறுந்து விழுந்தது. "இப்ப சரி தம்பி" என்று என்னிடம்தான் சொன்னார்.

அந்தக் கத்தியின் வாலில் ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்துப் பேர் இருந்தது. இந்த எஃகுக் கதையில் நமக்கும் பங்குண்டு. ஈரோடு மாவட்டம் கொடுமணலில் பழைய இரும்பு, எஃகு உலைகளின் தடயங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். தென்னிந்தியாவின் உருக்கை ஐரோப்பியர்கள் 'ஊட்ஸ்' என்றார்கள். 1820 வாக்கில் லண்டனில் மைக்கேல் ஃபாரடேயும் கத்தி செய்யும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் அதை ஆராய்ந்து, எஃகில் வேறு உலோகங்களைக் கலந்து பார்த்தார்கள். அந்தக் கலப்பு எஃகில் செய்த சவரக்கத்திகளை ஃபாரடே நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுத்தார். ஒரு காலத்தில் இந்தக் கத்தி பரிசாகக் கொடுக்கத் தகுந்த பொருளாக இருந்தது.

தீட்டவே தேவையில்லாத பிளேடுக்கு அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட் 1904இல் காப்புரிமை பெற்றார். வீடுகளில் கத்திக்கு அன்றே சாவு தொடங்கிவிட்டது. நம் சலூன்களில் அது இன்னும் பல பத்தாண்டுகள் உயிரோடிருந்தது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். ஒரே கத்தியை ஊருக்கெல்லாம் வைக்கும் பழக்கத்தின் மேல் அதன் பிறகுதான் பயம் விழுந்தது. எச்.ஐ.வி.யைவிட எளிதில் தொற்றுவது ஹெபடைடிஸ் பி. கத்தியைக் கொதிநீரில் போடலாம், ஆனால் துருப்பிடிக்கும். தோல்வாரை என்ன செய்வது? கூர்மையைக் காத்த அந்தத் தோலேதான் ஒருவர் ரத்தத்தை அடுத்தவர் கன்னத்துக்குக் கொண்டுபோகக்கூடியது. பிளேடை உறையோடு பாதியாக ஒடித்துச் சொருகும் பிடி வந்தது. பழனி முடிக்கொட்டகையிலும் இன்று அதுதான்.

ஆகவே கத்தி போனது நியாயம். அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி நான் எழுதவில்லை. என் வருத்தம் தீட்டிய கையைப் பற்றியது.

அந்தக் கையை ஊர் எப்படி நடத்தியது என்பதைச் சொல்லாமல் இந்த இரங்கலை முடிக்கக்கூடாது. களத்தில் நெல் அளக்கும்போது கூலியாக அவருக்கு ஒரு பங்கு போடுவார்கள். அதற்கும் அவர் நின்று காத்திருக்கவேண்டும். கண்ணை மூடிக் கழுத்தை அவரிடம் ஒப்படைத்தவர்கள் எழுந்ததும் தலைமுழுகப் போனார்கள். என் தாத்தாவைவிட வயதில் மூத்தவர் அவர். எங்கள் வீட்டில் எல்லோரும் அவரை 'வா, போ' என்றுதான் பேசினார்கள். சிறுவனான நானும் அப்படித்தான் பேசினேன். இங்கே 'பெரியவர்' என்று எழுதுகிறேன். அன்றைக்கு வாசல்படியில் வைத்து அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கவேண்டும்.

தட்டாரின் நுட்பத்தையும் சிற்பியின் நுட்பத்தையும் கலை என்று எழுதி வைத்தோம். மயிரிழையை அறுக்கும் கூர்மையை ஒரு கல்லிலிருந்தும் ஒரு தோல்துண்டிலிருந்தும் வரவழைத்தவரின் நுட்பத்தைச் சாதித் தொழில் என்று ஒதுக்கி வைத்தோம். எழுதாமல் விட்டதால்தான் அது சத்தமில்லாமல் போனது. அவர் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள். போனது நல்லது.

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தாவின் அடைப்பம் என்கிற சவரப்பை கிடந்தால், அதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கத்தி தீட்டியவர் இன்னும் இருக்கிறாரென்றால், ஒரு மத்தியானம் கல்லை நனைத்து அவர் முன்னால் வையுங்கள். செல்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள், கையையும் கல்லின் சத்தத்தையும் சேர்த்து.